காலை ஆறு பத்துக்குத் திரும்பி வரும் மென்பொருள்

திங்கட்கிழமை மாலை ஐந்தரைக்கு அவர் நீக்கிய மென்பொருள், செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து பார்த்தால், ஒன்றுமே நடக்காததுபோல் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. நீக்கியதாக நினைத்துக்கொண்டு நீக்காமல் போயிருப்போம் என்று செவ்வாய் மாலை மறுபடி நீக்கினார். பட்டியலைத் திரும்ப எடுத்து, அந்தப் பெயர் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகே வீட்டுக்குக் கிளம்பினார். புதன் காலை வந்தால், இருந்தது.

அது ஒரு படம் வரையும் மென்பொருள். திரைகூட இல்லாமல் மாடிப்படிக்குக் கீழே ஓர் அலமாரிக்குள் உறுமிக்கொண்டிருக்கும் சர்வரில் உட்கார்ந்து யார் படம் வரையப் போகிறார்கள்?

மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் நிறுவனம் அது. லினக்ஸ் சர்வர் ஒன்றே ஒன்று. அதைப் பார்த்துக்கொள்ள வந்து எட்டு மாதமாகிய அவரை எல்லாரும் சர்வர்காரர் என்றே கூப்பிட்டார்கள். பேக்கிங் பிரிவில் இருந்த அக்கா மட்டும் ஒவ்வொரு நாளும், "சர்வர்காரரே, ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை கம்மி" என்று சொல்லிச் சிரிப்பார். எட்டு மாதமாக அதே நகைச்சுவைதான். எட்டு மாதமாக அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு மருந்து நிறுவனத்திலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். அவர்கள் முன்கூட்டியே அனுப்பிய பட்டியலில் ஏழாவது வரி: வேலைக்குத் தேவையில்லாத எந்த மென்பொருளும் சர்வரில் இருக்கக் கூடாது. அதனால்தான் இந்தத் துடைப்பு வேலை. முன்பு இருந்தவர் சர்வரைச் சத்திரம்போல் விட்டுவிட்டுப் போயிருந்தார். பாட்டுக் கேட்கும் மென்பொருள், சதுரங்கம், பயன்படாத அஞ்சல் சேவை என்று கண்டதும் கிடந்தது. மற்றவை எல்லாம் போன இடம் தெரியாமல் போய்விட்டன. படம் வரைவது மட்டும் விடிந்தால் திரும்பி வந்தது.

சர்வர்காரருக்கு எந்த இயந்திரமும் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. இதில் அவருக்குப் பிடிபட்டது ஒன்றுதான். மென்பொருளுக்குக் கால் கிடையாது. அது தானாக வராது. யாரோ கூட்டி வருகிறார்கள்.

முதலில் முன்பு இருந்தவர் மேல்தான் சந்தேகம் போனது. குறித்த நேரத்தில் தானாக ஓடும்படி ஏதாவது வேலையை ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நேரங்குறித்த வேலைகள் எழுதியிருக்கும் கோப்புகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். எதுவும் இல்லை. வெளியிலிருந்து எவனாவது புகுந்திருக்கலாம் என்று உள்நுழைவுப் பதிவுகளைப் பார்த்தார். வெளி ஆள் ஒருவரும் வரவில்லை.

கடைசியில், முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்தார். எந்த மென்பொருள் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, என்ன கட்டளையால், யார் கேட்டு என்று சர்வர் தனக்கென ஒரு வரலாறு எழுதி வைக்கிறது. செவ்வாய், காலை ஆறு பத்து. புதன், காலை ஆறு பத்து. இரண்டு நாளும் கட்டளை எழுத்துக்கு எழுத்து ஒன்று. கேட்டவர் என்ற இடத்தில் இருந்தது அச்சுக்கூடத்தின் பொதுக் கணக்கு. அந்தக் கணக்குக்கு மென்பொருள் நிறுவும் உரிமை இருந்ததே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வருகைப் பதிவைப் புரட்டினார். காலை ஆறு மணிக்கு அச்சுக்கூடத்துக்குள் இருப்பது ஒரே ஆள். மையாண்டி.

எந்நேரமும் விரல் நுனியில் மையோடு திரிவதால் அச்சுக்கூடத்தார் அப்படிக் கூப்பிடும் அந்த மையாண்டி, சர்வர்காரருடைய மனைவியின் சொந்தத் தம்பி. அவருடைய சிபாரிசில் ஐந்து மாதத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்தவன். அவர் வீட்டு முன்னறையில்தான் பாய் விரித்துப் படுக்கிறான்.

மேலாளரிடம் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினார்.

"யாரோ அச்சுக்கூடத்துலேர்ந்து மென்பொருள் ஏத்துறாங்க சார். யாருன்னு பாத்துட்டு இருக்கேன்."

மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் குரல் இறங்கும். "மருந்து லேபிள் அடிக்கிற இடம் சார் இது. சும்மா ஒருத்தன் எதுக்கு திருட்டுத்தனமா சர்வர்ல கை வைப்பான்? வெள்ளிக்கிழமை அவங்க வந்து கேக்குறதுக்குள்ள எனக்கு ஆள் தெரியணும். ஆள் தெரிஞ்ச அன்னிக்கே வெளிய அனுப்பிடுவேன். சொந்தக்காரன், தெரிஞ்சவன்னு பாக்க மாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தையைத் தெரிந்து சொன்னாரா, பேச்சுவாக்கில் சொன்னாரா என்று மாலைவரை அவருக்கு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு வெடி காத்திருந்தது. துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்த மனைவி ஈரக் கையோடு இரண்டு துண்டுத் தாள்களை நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க கம்பெனி ஸ்டிக்கரு. என் தம்பி பேன்ட் பாக்கெட்ல கிடந்துச்சு. ஏங்க, வேலை செய்யிற எடத்தையே பாக்கெட்ல போட்டுட்டு வருவான் போலிருக்கே."

"கொடு, நான் பாத்துக்கறேன்."

"என்ன மூஞ்சி ஒரு மாதிரி போகுது?"

"ஒண்ணுமில்ல. வெயில்."

"ஏழு மணிக்கா?"

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தார். இரண்டும் மாத்திரை லேபிள்கள். குறுக்காகக் கிழிக்கப்பட்டவை. மருந்தின் பெயர், அளவு, காலாவதி நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. வலது மூலையில் பட்டைக் குறியீடு (பார்கோடு) இருக்க வேண்டிய கட்டம் மட்டும் பளிச்சென்று வெறுமையாக இருந்தது.

வெறும் கட்டம் எதற்கு? குறியீட்டை மட்டும் விட்டுவிட்டு அச்சடித்தால், அந்த இடத்தில் வேறு யாராவது தங்கள் குறியீட்டை ஒட்டிக்கொள்ளலாம். போலி மருந்து. அதற்குத்தான் படம் வரையும் மென்பொருள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்தாமல் போனால் தேவலை என்று இருந்தது.

அச்சுக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே ஒரு லேபிள் கெட்டாலும் அதைக் குப்பையில் போடக் கூடாது. தெருவில் விழுந்த ஒரு நல்ல லேபிள் எந்தத் தண்ணீரையும் மருந்தாக்கிவிடும் என்பதால், கெட்டதைக் கழிவுப் பதிவேட்டில் ஒட்டி, பக்கத்தில் காரணம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். 'மை தீர்ந்தது', 'தாள் சுருங்கியது' என்று ஏதாவது எழுதியாக வேண்டும். 'காரணம் தெரியவில்லை' என்று மூன்று முறை எழுதினால் அந்த ஆளுக்கு வேலை போய்விடும். பதிவேட்டில் செவ்வாய்க்கும் புதனுக்கும் எந்த லேபிளும் ஒட்டப்படவில்லை என்பதை அவர் மத்தியானமே பார்த்திருந்தார். ஆக, இவை கணக்குக்கு வராமல் வெளியே போனவை.

சாப்பிடும்போது மையாண்டி தட்டைப் பார்த்தபடியே கேட்டான். "மாமா, இன்னிக்கும் சர்வர்ல சுத்தம் பண்ணீங்களா?"

"ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

"சும்மா எதுக்கு கேக்கணும்?"

"அப்பா! கேட்டது தப்பா?" என்று அக்காவைப் பார்த்தான்.

"அவரு வெயில்ல காஞ்சிட்டாராம்டா, விடு" என்றாள் அவள்.

அவர் அன்று மாலையும் நீக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். வேண்டுமென்றே நீக்கினார். எலிப்பொறியில் வைத்த தேங்காய்த் துண்டுபோல.

வியாழக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கே பேக்கிங் பிரிவில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றார். அங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாக அச்சுக்கூடம் முழுதும் தெரியும். ஆறு மணிக்கு விளக்குகள் எரிந்தன. மையாண்டி வந்து இயந்திரத்தின் உறையை மடித்து வைத்தான். ஒரே ஒரு லேபிளை அச்சடித்து, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். தோள்கள் தொங்கிப்போயின. அதைக் குறுக்கே கிழித்துப் பாக்கெட்டில் போட்டான். இடமும் வலமும் பார்த்தான். இயந்திரத்துக்கு அடியில் ஒட்டியிருந்த ஒரு சீட்டை உரித்து எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் கணினியில் தட்டினான்.

சர்வர்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு பத்து.

ஆனாலும் உடனே உள்ளே போகவில்லை. அடுத்து அவன் செய்தது அவருடைய கணக்கில் இல்லாத ஒன்று. இன்னொரு லேபிள் அச்சடித்து, பட்டைக் குறியீட்டைப் படிக்கும் கருவியின் கீழே நீட்டினான். கருவி 'பீப்' என்றது. அவன் மார்பில் கை வைத்து மூச்சு விட்டான். போலி லேபிள் அடிப்பவன் குறியீடு சரியாக வந்ததற்கா இப்படி நிம்மதிப் பெருமூச்சு விடுவான்?

கதவைத் தள்ளினார். "பாக்கெட்ல இருக்கறத எடு."

மையாண்டி ஒரு துள்ளு துள்ளினான். "மாமா! இயந்திரத்துக்குள்ளேர்ந்தா வந்தீங்க?"

"எடுடா."

எடுத்து வைத்தான். அதே வெறும் கட்டம்.

"யாருக்காக அடிக்கிற இத?"

"யாருக்காகவா? கம்பெனிக்குத்தான்."

"கட்டத்தை காலியா விட்டுட்டு கம்பெனிக்கு அடிப்பியா? யாரு வாங்கிக்கறா? சொல்லு. உங்க அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்றது?"

அவன் புரியாமல் விழித்தான். பிறகு புரிந்தது. முகம் கறுத்தது. "நான் விக்கிறேன்னு நெனச்சீங்களா?"

"வேற என்ன நெனைக்கச் சொல்ற?"

"காலியா விட்டது நான் இல்ல மாமா. நீங்க."

"நானா?"

"ஆமா. நீங்க சாயந்தரம் சுத்தம் பண்ணிட்டுப் போனா மறுநாள் காலைல கோடு வரமாட்டேங்குது. பழைய சார் இந்த சீட்ட கொடுத்துட்டுப் போயிருக்காரு. 'கோடு வரலேன்னா இந்த வரிய அடி'ன்னு எங்க பழைய ஆபரேட்டர்கிட்ட சொன்னாராம். அவர் எங்கிட்ட கொடுத்தாரு. அடிச்சா வருது. ஏன் வருதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே! போன மாசம் பிரிண்டர் மெதுவா வருதுன்னு சொன்னப்ப என்ன சொன்னீங்க? 'நீ மையைப் பாரு, சர்வரை நான் பாக்குறேன்'னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்களா இல்லையா?"

சொல்லியிருந்தார். பேக்கிங் அக்கா சிரித்தது உட்பட நினைவுக்கு வந்தது.

"பதிவேட்டுல ஒட்டியிருக்கலாமே?"

"காரணம்னு என்ன எழுதுறது? சேந்த புதுசுல ரெண்டு தடவ 'தெரியல'ன்னு எழுதிட்டேன். மூணாவது எழுதினா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதுவும் உங்க வீட்டுக்கு. அக்கா கூட வந்து ஒட்டிக்கிட்டவன்னு ஏற்கெனவே பேர். வேலையும் இல்லேன்னா?"

சர்வர்காரருக்குப் பாதி நம்பிக்கை வந்தது. பாதிதான். கட்டத்தை வேண்டுமென்றே காலியாக விடவும் வழி இருக்கிறதே. "சரி, உன் கையைக் கட்டிக்கோ. எதையும் தொடாதே" என்று அவரே கணினி முன் உட்கார்ந்தார். படம் வரையும் மென்பொருளை நீக்கச் சொன்னார். கூடவே, வழக்கம்போல், இனி தேவையில்லாத துணை மென்பொருள்களையும் துடைக்கச் சொன்னார். சர்வர் இருபத்து மூன்று பெயர்களை வரிசையாகக் காட்டி, நீக்கட்டுமா என்று கேட்டது. ஆம் என்றார். பிறகு தன் கையாலேயே ஒரு லேபிள் அச்சடித்தார்.

மூலையில் வெறும் கட்டம்.

"இது உங்க கழிவு மாமா" என்றான் மையாண்டி, கையைக் கட்டியபடியே.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தலைக்குள் ஏதோ ஒன்று மெல்லத் திறந்துகொண்டது. இரண்டு மாலை, மூன்று மாலை, இன்றும் சேர்த்தால் நான்கு முறை, அந்த இருபத்து மூன்று பெயர்களையும் அவர் ஒரு முறையாவது படித்தாரா?

"இங்க வா. உக்காரு" என்று பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். விளக்க ஆரம்பித்துவிட்டால் அவருக்குக் கோபம் மறந்துபோகும். "ஒரு மென்பொருளை நாம கூப்பிட்டோம்னா அது தனியா வராது. தனக்கு உதவிக்கு வேணும்கறதையும் கூட்டிக்கிட்டு வரும். சர்வர் ரெண்டு விதமா குறிச்சு வைக்கும். நாம பேர் சொல்லிக் கூப்பிட்டது ஒண்ணு. கூட வந்தது ஒண்ணு. கூப்பிட்டதை அனுப்பிச்சிட்டா, கூட வந்ததெல்லாம் சும்மா நிக்கும். இவங்கள வச்சு வேற யாராவது வேலை வாங்குறாங்களான்னு சர்வர் தன் பட்டியல்ல பாக்கும். யாரும் இல்லேன்னா, அனுப்பிடலாமான்னு கேக்கும். நான் ஆமான்னு அடிச்சேன்."

"அதுல ஒருத்தன் நம்ம வேலைய செஞ்சிட்டு இருந்தானா?"

"அப்படித்தான் இருக்கணும். ஆனா லேபிள் மென்பொருள் அவனைக் கேட்டிருந்தா சர்வருக்குத் தெரிஞ்சிருக்குமே. ஏன் தெரியல?"

கேள்வியைத் தனக்கே கேட்டுக்கொண்டு எழுந்து நின்றார். மறுபடி உட்கார்ந்தார். "லேபிள் மென்பொருள் எப்படி வந்துச்சு? நீ இல்ல அப்ப. நானும் இல்ல. விக்கிறவங்க ஒரு வட்டுல கொண்டுவந்து நேரா ஒரு ஃபோல்டர்ல காப்பி பண்ணிட்டுப் போயிருக்காங்க. வாசல் வழியா வரல. அதனால சர்வர் பட்டியல்லயே அதுக்குப் பேர் இல்ல. அதுக்கு யார் வேணும்னு சர்வருக்கு எப்படித் தெரியும்?"

லேபிள் மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்தார். இருவரும் தலையை ஒட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார்கள். பதினோராவது வரியில் இருந்தது: பட்டைக் குறியீட்டின் கோடுகளை அச்சுப் புள்ளிகளாக மாற்ற இன்ன கட்டளையை அழை. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, சர்வரின் வரலாற்றில் சற்று முன் நீக்கிய இருபத்து மூன்றையும் எடுத்தார். மையாண்டி விரல் வைத்துப் படித்தான். பதினான்காவது பெயரில் விரல் நின்றது. அந்த இடத்தில் திரையில் ஒரு மைத் தீற்றல் விழுந்தது.

படத்தைப் புள்ளிகளாக மாற்றும் சின்ன மென்பொருள் ஒன்று. படம் வரையும் மென்பொருளோடு துணைக்கு வந்தது. வந்த இடத்தில் சத்தமில்லாமல் லேபிளுக்கும் வேலை செய்துகொண்டிருந்தது. பழைய சர்வர்காரர் எதற்காகவோ படம் வரையும் மென்பொருளை ஏற்றியபோது கோடுகளும் வரத் தொடங்கியிருக்கின்றன. அவரும் காரணம் தேடாமல் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அது இல்லாவிட்டால் லேபிள் மென்பொருள் பிழை என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுத் தன்பாட்டுக்கு அச்சடித்துவிடும்.

"ஒரு வாய் வார்த்த சொல்லக் கூடாதா அது?" என்றான் மையாண்டி.

"நீ மட்டும் சொன்னியா?"

"நீங்க மட்டும் கேட்டீங்களா?"

சர்வர்காரர் கழிவுப் பதிவேட்டை இழுத்து வைத்தார். தன் சட்டைப் பையிலிருந்து மனைவி கொடுத்த இரண்டு லேபிள்களை எடுத்தார். இன்று மையாண்டி கிழித்தது மூன்றாவது. தானே அச்சடித்தது நான்காவது. நான்கையும் தேதி போட்டு ஒட்டி, காரணம் என்ற இடத்தில் எழுதினார்: 'சர்வரைச் சுத்தம் செய்தபோது லேபிளுக்குத் தேவையான துணை மென்பொருளும் நீக்கப்பட்டது.' கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

ஒன்பது மணிக்கு மேலாளர் வந்தார். பதிவேட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"மாமனும் மச்சானும் ராத்திரி உக்காந்து பேசி முடிவு பண்ணீங்களா?"

"நம்ப வேணாம் சார். வந்து பாருங்க."

கூட்டிக்கொண்டு போய் அவர் கண்முன்னால் செய்து காட்டினார். துணை மென்பொருள் இல்லாமல் ஒரு லேபிள், கட்டம் வெறுமை. அது ஐந்தாவது கழிவு. சீட்டிலிருந்த வரியை அடித்து, படம் வரையும் மென்பொருளோடு அதையும் மறுபடி ஏற்றிவிட்டு ஒரு லேபிள். மேலாளர் படிக்கும் கருவியைத் தன் கையால் வாங்கி வைத்தார். 'பீப்.' நம்பாமல் இன்னொரு முறை வைத்தார். 'பீப்.'

"இருபத்து மூணு பேரையும் படிக்காமலேயே ஆமான்னு அடிச்சீங்களா?"

"ஆமா சார்."

"இவரு கெட்ட லேபிளை ஒளிச்சது தப்பு. அதுக்கு எழுத்துல ஒரு எச்சரிக்கை. காரணம் இப்ப தெரிஞ்சிடுச்சு, அதனால இது மூணாவது கணக்குல வராது." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வாசல் வரை போய்த் திரும்பினார். "இன்னும் என்னென்ன சீட்டு எங்கெங்க ஒட்டியிருக்குன்னு ரெண்டு பேரும் சேந்து தேடுங்க. எனக்கு இப்ப எல்லா மெஷின் மேலயும் சந்தேகமா இருக்கு."

மாலை ஐந்தரைக்குச் சர்வர்காரர் கடைசியாக ஒரு முறை உட்கார்ந்தார். இந்த முறை ஒத்திகையில் ஆரம்பித்தார். எதையும் உண்மையில் நீக்காமல், நீக்கினால் என்னென்ன போகும் என்று மட்டும் காட்டும்படி கேட்டார். வந்த பெயர்களை அவர் வாசிக்க, மையாண்டி தாளில் டிக் அடித்தான். இருபத்து மூன்று இல்லை, பத்தொன்பதுதான் வந்தது. புள்ளியாக மாற்றும் மென்பொருளும், அது தனக்காகக் கூட்டி வந்த மூன்றும் பட்டியலில் இல்லை. பிறகு உண்மையாகவே நீக்கினார். அச்சுக்கூடத்துக் கணக்கிலிருந்து நிறுவும் உரிமையையும் எடுத்துவிட்டார். சீட்டு பதிவேட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனது.

வெள்ளி காலை ஆறு பத்துக்கு முதல் லேபிள் கோட்டோடு வந்தது. சர்வரின் வரலாற்றில் புது வரி எதுவும் ஏறவில்லை. ஒத்திகைக்கு முன்பே அவர் செய்த தீர்வு இவ்வளவுதான்: படத்தைப் புள்ளிகளாக மாற்றும் அந்தத் துணை மென்பொருளை அதன் பெயர் சொல்லி நேரடியாக நிறுவி, 'கூட வந்தது' என்ற குறியை 'நாம் கேட்டு வைத்தது' என்று மாற்றியிருந்தார். அதற்குப் பிறகு படம் வரையும் மென்பொருளையும் மற்றத் துணைகளையும் நீக்கினால் அது போவதில்லை.